ஏழாவது கேள்விக்கு எட்டு வரி

சிங்கவரம்,
8 ஜூலை 2024

அன்புள்ள அன்புக்கரசிக்கு,

சென்னைத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? இங்கே எல்லோரும் சுகம். உன் அம்மா, என் அருமைச் சித்திக்கு மட்டும் முட்டிவலி. அதுவும் மகளிர் குழுக் கூட்டம் என்றால் காணாமல் போய்விடுகிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. உன் வருமானச் சான்றிதழை எப்படியும் தபாலில்தான் அனுப்பவேண்டும்; அதே கவரில் இதுவும் வரட்டும். எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே போன் பகல் முழுக்க நைனாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. ராத்திரி பேசலாம் என்றால் நம் இரண்டு காலனி வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். இந்தப் பக்கம் நான் ஹலோ என்றால் அந்தப் பக்கத்திலிருந்து உன் அம்மா, "யார்டி போன்ல?" என்கிறார்.

நம் இருவர் சான்றிதழும் ஒரே நாளில் வந்தன. உன் நைனாவும் என் நைனாவும் ஒரே மேஸ்திரியிடம் கொத்தனார் வேலை பார்க்கிற அண்ணன் தம்பி அல்லவா, தொகையும் ஒன்றே. இ-சேவை மையத்துப் பெண் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ரெண்டும் ஒரே வூடா?" என்று கேட்டாள்.

நீ சொன்ன அந்த அறக்கட்டளை உதவித்தொகைக்கு நானும் விண்ணப்பிக்கிறேன். நீ சென்னையில் எம்.எஸ்சி. வேதியியல், விடுதியில் இருந்துகொண்டு. நான் திண்டிவனத்தில் அதே வேதியியல், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு. பணம் வந்தால் நானும் விடுதியில் சேர்ந்துவிடுவேன். ஆனால் அந்த ஏழாவது கேள்வியைப் பார்த்தாயா? 'உங்கள் கல்விக்குத் தடையாக உள்ள குடும்பக் குறைபாடுகளை விவரிக்கவும்.' இரண்டு நாளாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். நீ என்ன எழுதப்போகிறாய்?

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
மோனிகா

*

சென்னை,
16 ஜூலை 2024

அன்புள்ள மோனி,

சான்றிதழ் கிடைத்தது. நான் நலம். விடுதிச் சாம்பாரைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. பெரியப்பா, பெரியம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

ஏழாவது கேள்விக்கு காயத்ரி அக்காவிடம் யோசனை கேட்டேன். என் அறையில் இருக்கிற இரண்டாம் வருட அக்கா. போன வருடம் இதே உதவித்தொகை வாங்கியவர். "இருக்கிறத எழுதினா இருக்கிறவங்க ஆயிடுவோம். இல்லாதத மட்டும் எழுது" என்றார். கொத்தனார் என்று எழுதக்கூடாதாம், நிரந்தர வருமானமற்ற தினக்கூலி என்று எழுதவேண்டுமாம். நான் முதலில் எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டு, இதைப் படித்தால் யாருக்கும் கண் கலங்காது என்று கிழித்தே போட்டுவிட்டார். மறுபடி எழுதினேன். முன்னூறு சொல் வந்தது.

இத்துடன் என் விண்ணப்பம் இருக்கிறது. வி.ஏ.ஓ. கையெழுத்தும் முத்திரையும் வாங்கவேண்டும். அம்மாவைப் போகச் சொன்னால் படித்துவிடுவார், அதனால்தான் உன்னிடம் தருகிறேன். நீயும் எழுதி முடித்து, இரண்டையும் ஒரே கவரில் எனக்கே அனுப்பு. அலுவலகம் இங்கே பக்கத்தில்தான். நானே நேரில் கொடுத்துவிடுகிறேன். கடைசி நாள் ஆகஸ்ட் பத்து.

நீயும் காயத்ரி அக்கா சொன்ன மாதிரி எழுது மோனி.

அன்புடன்,
அன்பு

*

சிங்கவரம்,
30 ஜூலை 2024

அன்புள்ள அன்புக்கு,

எல்லோரும் நலம். நல்ல மழை பெய்ததால் நடுச்சுவர் மட்டும் நலமில்லை.

வி.ஏ.ஓ.வைப் பிடிக்க மூன்று நடை. கடைசியில் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். நான் படித்தேன். செஞ்சி கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபடி இரண்டு முறை படித்தேன். 'ஒழுகும் சுவர்' என்று எழுதியிருக்கிறாய். அது என் சுவரும்தான், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போகட்டும். 'என் தாய் எழுதப் படிக்கத் தெரியாத கூலித் தொழிலாளி. என் படிப்பைப் பற்றிப் பேசக்கூட வீட்டில் ஆளில்லை.' இது யார் தாய் அன்பு? சித்தி எட்டாவது வரை படித்தவர். இருபது பெண்கள் குழுவுக்குத் தலைவி. தீர்மான நோட்டு முழுக்க அவர் எழுத்து.

திட்டுவதற்காக இதை எழுதவில்லை. என்னால் அப்படி எழுதமுடியவில்லை, அவ்வளவுதான். நைனாவின் முகம் வந்து நிற்கிறது. எட்டே வரி எழுதினேன், நேரே பேனாவில். நகல்கூட எடுக்கவில்லை. உன்னுடையதை மட்டும் பத்திரத்துக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.

இருவருக்கும் கிடைக்கவேண்டும் என்று நம் ஊர் ரங்கநாதரிடம் வேண்டிக்கொண்டேன். உனக்கு மட்டும் கிடைத்தால் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும் என்பதையும் அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். இரண்டு விண்ணப்பமும் இத்துடன் இருக்கின்றன. மறக்காமல் இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கி வை.

இப்படிக்கு,
எட்டு வரி மோனிகா

*

சென்னை,
24 செப்டம்பர் 2024

அன்புள்ள மோனி,

நீ, பெரியப்பா, பெரியம்மா எல்லோரும் நலம்தானே. இரண்டு மாதமாக எழுதவில்லை. ஆய்வகம், தேர்வு என்று சொல்லலாம். சொல்லிக்கொள்கிறேன்.

பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இருக்கிறது. உன் பெயர் அதில் இல்லை. வருத்தப்படாதே, அடுத்த வருடமும் வாய்ப்பு உண்டு.

ஒரு உதவி வேண்டும். பணம் தருவதற்கு முன் அவர்கள் வீட்டை வந்து பார்ப்பார்கள். அக்டோபர் 19, சனிக்கிழமை வருகிறார்களாம். அம்மாவிடம் வீடு இருக்கிறபடி இருக்கட்டும் என்று மட்டும் சொல். அவரை உனக்குத் தெரியும், நான் போனில் சொன்னால் ஏன், எதற்கு என்று குடைந்துவிடுவார். நீ சொன்னால் பேச்சோடு பேச்சாகப் போய்விடும். இந்தப் பணம் வந்தால்தான் இரண்டாம் பருவத்துக்கு விடுதியில் இருக்கமுடியும். இல்லாவிட்டால் ஊருக்கு வரவேண்டியதுதான்.

அன்புடன்,
அன்பு

*

சிங்கவரம்,
2 அக்டோபர் 2024

அன்புக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன.

வாழ்த்துகள். இதை எழுத மூன்று தாள் கிழித்தேன். நமக்குள் பொய் எதற்கு, எனக்கு வயிறு எரிகிறது. சித்தி தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டு வைத்தார், ஒன்று ஆறுதலுக்காம். இரண்டையும் தின்றேன். எரிச்சல் அடங்கவில்லை.

காலையில் ஏழு இருபது பஸ்ஸில் ஒற்றைக்காலில் நிற்கும்போதெல்லாம் உன் நினைப்புதான். நீ இந்நேரம் தலை உலர்த்திக்கொண்டிருப்பாய். கல்லூரி முடிந்து ஆறு மணிக்குப் பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது, நீ நூலகத்தில் இருப்பாய். உன் மதிப்பெண் எனக்கு வந்ததில்லையா? பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் உன்னைவிட நான் நாலு மதிப்பெண் அதிகம். அதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை.

நம் இருவர் நைனாவும் ஒரே சாரத்தில் நின்று ஒரே சட்டியில் கலவை எடுக்கிறார்கள். உன் நைனாவை ஒன்றுமில்லாதவர் என்று எழுதினாய், அவர் மகளுக்கு விடுதி. நான் அப்படி எழுதவில்லை, அதனால் நான் பணக்காரி ஆகிவிட்டேன். என் எட்டு வரியில் என்ன குறை என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம் அவர்கள். பிச்சைக்காரி மாதிரி எழுதியவளைக் கூப்பிட்டு, மனுஷி மாதிரி எழுதியவளை விட்டுவிட்டார்களே என்று நினைக்க நினைக்க ஆறவில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன். கிழிக்காமல் அனுப்புகிறேன். சித்தியிடம் சொல்லிவிடுகிறேன்.

மோனிகா

*

சென்னை,
5 நவம்பர் 2024

மோனி,

வீட்டில் எல்லோரும் சுகமா? தேர்வு என்பதால் தீபாவளிக்கு வரமுடியவில்லை. பெரியம்மா கொடுத்தனுப்பிய அதிரசம் வந்தது. நன்றி சொல்.

அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. 'விண்ணப்பத்தில் குறிப்பிட்ட நிலை கள ஆய்வில் காணப்படவில்லை.' அவ்வளவுதான். பெயரை எடுத்துவிட்டார்கள்.

அன்று வீட்டில் என்ன நடந்தது? அம்மாவிடம் கேட்டால், "வந்தாங்க, நல்லா கவனிச்சுத்தான் அனுப்பனேன்" என்பதற்கு மேல் பேச்சில்லை. போனை நைனாவிடம் கொடுத்துவிடுகிறார். நைனாவோ சாப்டியா, சாப்டியா என்று அதையே கேட்கிறார். ஜனவரி பத்துக்குள் விடுதிக்கும் பருவத்துக்கும் கட்டவேண்டும். நீ அங்கேதானே இருந்தாய்? உடனே எழுது.

அன்பு

*

சிங்கவரம்,
28 நவம்பர் 2024

அன்புள்ள அன்புக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். எனக்கு நாலு நாள் காய்ச்சல். மற்றவர்கள் நலம்.

நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமையே உன் நைனாவும் என் நைனாவும் மேஸ்திரியிடம் லீவு சொல்லிவிட்டு வந்தார்கள். பதினோரு வருடமாக ஒழுகிய சுவரை இரண்டு நாளில் பூசி, பட்டி பார்த்து, ரோஸ் கலர் அடித்துவிட்டார்கள். உங்கள் பக்கம் மட்டும். எங்கள் பக்கத்துக்கு வருவதற்குள் சிமெண்ட் தீர்ந்துவிட்டதாம்.

சனிக்கிழமை காலை உன் வீடு பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி இருந்தது. சாமியானா கடையிலிருந்து ஆறு நாற்காலி. என் அம்மாவின் சங்கிலி உன் அம்மாவின் கழுத்தில். பட்டுப்புடவை. கேசரி, வடை, கலர் சோடா. அறக்கட்டளையிலிருந்து அரிகிருஷ்ணன் என்று ஒருவரும் கூட ஒரு அம்மாவும் வந்தார்கள். அவர் கோப்பைத் திறந்து, "உங்க கஷ்டத்தைச் சொல்லுங்கம்மா" என்றார். சித்தி, "கஷ்டமா? மொதல்ல கேசரி சாப்டுங்க சார்" என்றார்.

பிறகு குழு நோட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கினார். "எட்டாவது வரிக்கும் படிச்சேன். அதுக்கு மேல படிக்க உடல. ஆனா தீர்மானம் நான்தான் எழுதுவேன். பேங்க்ல மேனேஜரு என்கிட்டதான் பேசுவாரு. என் பொண்ணு பரீட்சைக்குப் படிச்சா நானும் கூட முழிச்சிருப்பேன்" என்றார். யாரும் கேட்காமலே ஒரு தாளில் தைலம்மாள் என்று கையெழுத்தும் போட்டுக் காட்டினார். அந்த மனிதர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். போகும்போது இருவருக்கும் வெற்றிலை பாக்கோடு ஆளுக்கு ஒரு பை மல்லாட்டை, உன் சென்னை பாஷையில் வேர்க்கடலை.

சித்திக்கு யாரோ என்னவோ சொல்லியிருக்கிறார்கள் போல. உடம்பைப் பார்த்துக்கொள்.

மோனிகா

*

சென்னை,
6 டிசம்பர் 2024

மோனிகா,

யாரோ என்றால் யார்? அந்த விண்ணப்பத்தை ஊரில் படித்தவள் நீ ஒருத்திதான். ஜெராக்ஸ் எங்கே இருக்கிறது?

நலம் விசாரிக்க மனமில்லை.

அன்புக்கரசி

*

சிங்கவரம்,
29 டிசம்பர் 2024

அன்புள்ள அன்புக்கு,

நான் நலமில்லை. காய்ச்சல் என்று போன கடிதத்தில் எழுதியது பொய். அப்போது எழுதப் பயம்.

நான்தான். உனக்கு அந்த வயிற்றெரிச்சல் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்த அன்று சாயங்காலம், சித்தி மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். நானும் கூட உட்கார்ந்தேன். "எம் பொண்ணு இன்னா எழுதினா, சென்னைக்காரங்களே கூப்ட்டுக் குடுக்கறாங்க?" என்று பெருமையாகக் கேட்டார். உன் பெருமையை என்னிடமே கேட்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே போய் ஜெராக்ஸை எடுத்து வந்தேன். முழுதும் படித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே படித்தேன் அன்பு. வேடிக்கையாக இருக்கிறது பாருங்கள் சித்தி என்கிற மாதிரி.

அந்த 'எழுதப் படிக்கத் தெரியாத' வரி வந்ததும், "இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன். முறத்தைத் தள்ளி வைத்தார். என்னிடமிருந்து தாளை வாங்கி அவரே ஒருமுறை எழுத்துக்கூட்டாமல் படித்தார். அப்புறம், "வூட்டப் பாக்க எப்ப வராங்க?" என்று மட்டும் கேட்டார். தேதி சொன்னேன். வீடு இருக்கிறபடி இருக்கட்டும் என்ற உன் வார்த்தை நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. மறந்ததனால் இல்லை, வேண்டுமென்றே.

சித்திக்கு உன்மேல் ஆத்திரம் வரட்டும் என்றுதான் நினைத்தேன். உன் படிப்பு நிற்கவேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் அந்த நாற்காலிகள் வந்து இறங்கியபோது என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதும் ஓடிப்போய்த் தடுக்கவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷம் உன் டிசம்பர் கடிதம் வரும் வரைதான்.

நேற்று சித்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் பெயரை எடுத்துவிட்டார்கள் என்பதே அவருக்கு நேற்றுதான் தெரியும். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். பேனா கேட்டார். கீழே எழுதியிருப்பது அவர்.

மோனிகா

அன்பு நான் அம்மா. மோனிய திட்டாத. உன்னயும் நான் திட்டல. வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி உங்கப்பாவ ஒண்ணும் இல்லாதவரா நிக்க வெக்க எனக்கு மனசு வரல. இன்னிக்கு காலைல குழுவுல லோன் போட்டு இருக்கேன். பத்தாம் தேதிக்குள்ள கட்டிடலாம். லோன் பாரத்துல எதுக்கு லோன்னு ஒரு கேள்விதான் இருந்துச்சு. மகள் படிக்கிறாள்னு எழுதினேன். வேற ஒண்ணும் கேக்கல. வேளைக்கு சாப்பிடு.

*

சென்னை,
23 ஜனவரி 2025

அன்புள்ள மோனி,

நலம். அம்மா அனுப்பிய பணத்தைக் கட்டிவிட்டேன்.

பொங்கலுக்கு நாலு நாள் வந்திருந்தும் நாம் இருவரும் கரும்பைத் தவிர வேறு எதையும் பேசிக்கொள்ளவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். ராத்திரி ரோஸ் கலர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் நீ இருமுவது கேட்டது. எழுந்து உங்கள் வாசல் வரை இரண்டு முறை வந்தேன். இரண்டு முறையும் திரும்பிவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

உன் விண்ணப்பத்தை அவர்கள் தள்ளவில்லை. அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. நான் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒரே தெரு, ஒரே சுவர், இரண்டிலும் ஒரே தைலம்மாள். ஒருவரே இரண்டையும் படித்தால் என்னுடையது பொய் என்று அங்கேயே தெரிந்துவிடும். பயந்தேன். ஆனால் அதை மட்டும் காரணம் சொன்னால் அதுவும் ஏழாவது கேள்விக்கு எழுதிய பதில் மாதிரிதான். எனக்குப் பொறாமை மோனி. என் அம்மாவைப் பற்றி நான் எழுதவேண்டியதை நீ எழுதியிருந்தாய். அந்த எட்டு வரியைப் படித்த பிறகும் என்னுடைய முன்னூறு சொல்லைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, உன்னுடையதைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். நீ ஒப்புகைச் சீட்டு கேட்டதற்குக் கடைசி வரை பதில் எழுதவில்லை. பஸ்ஸில் தொங்குகிறேன் என்று நீ எழுதியபோதெல்லாம் அந்தப் பெட்டிமேல்தான் உட்கார்ந்து படித்தேன்.

எனக்கு இப்போது அது மனப்பாடம். இதோ:

'என் வீட்டில் என் கல்விக்குத் தடை எதுவும் இல்லை.
என் தந்தை தனசேகரன் கொத்தனார். அவர் கை பட்டு எழுந்த வீடுகள் செஞ்சியில் முப்பத்தொன்று இருக்கின்றன.
பரீட்சை நேரத்தில் எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் டிவி போடமாட்டார்கள்.
பக்கத்து வீட்டில் இருப்பவர் என் சித்தி தைலம்மாள், மகளிர் குழுத் தலைவி.
பள்ளியில் சேரும் முன்பே எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் அவர்.
அவர் மகளும் நானும் ஒரே விளக்கில் படித்தோம்.
என்னைவிட அவள் நன்றாகப் படிப்பாள், இதை அவளிடம் நான் சொன்னதில்லை.
தடை என்று கட்டாயம் ஒன்றை எழுதவேண்டும் என்றால், காலை ஏழு இருபது பஸ்.'

இத்துடன் உன் விண்ணப்பம். உன் போட்டோ அதிலேயே ஒட்டியபடி இருக்கிறது. இந்த வருடத்துக்கான விண்ணப்பம் ஜூலையில் வருமாம், ஏழாவது கேள்வி மாறவில்லையாம். நீ ஒரு வார்த்தையும் மாற்றாதே. நீயே நேரில் வந்து கொடு, ஒப்புகைச் சீட்டை உன் கையால் வாங்கு. இனி இந்த விஷயத்தில் என்னை நம்பாதே.

சுவரைத் தட்டி அம்மாவைக் கூப்பிடு. முதலில் உன் எட்டு வரியை, அப்புறம் இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டு. இந்த முறை சிரிக்காமல் படி.

உன்,
அன்புக்கரசி